ஃப்ரீயா போனா துரோகியா? ஃபுட்பால் ரசிகர்களின் விசுவாசக் கணக்கும் கோவை சொல்லும் பாடமும்!

பீளமேட்டில் ஆட்டோ ஏறி 'பி.எஸ்.ஜி போகணும்'னு சொன்னால், அண்ணன் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "காலேஜுங்களா, ஆஸ்பத்திரிங்களா?" அதே மூணு எழுத்தை, அவிநாசி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஏதாவது ஒரு பேச்சுலர் ரூமில் சொல்லிப் பாருங்க. பேச்சு நேரா பாரிஸுக்குப் போயிடும். அடுத்த நிமிஷம் எம்பாப்பே பேரு வரும். அதுக்கடுத்த நிமிஷம் சண்டை வரும்.

சண்டைக்குக் காரணம் சிம்பிள். கிலியன் எம்பாப்பேவை மொனாக்கோவிடமிருந்து வாங்க பாரிஸ் செயின்ட் ஜெர்மன் செலவழிச்சது சுமார் 180 மில்லியன் யூரோ. ஏழு சீசன் ஆடினார். 2024 ஜூன் 30-ம் தேதி ஒப்பந்தம் முடிஞ்சது. ரியல் மாட்ரிட்டுக்குப் போயிட்டார். அவரை விட்டதுக்கு டிரான்ஸ்ஃபர் தொகையா பாரிஸுக்குக் கிடைச்சது பூஜ்யம்!

"வளர்த்த கிளப்புக்கு ஒரு பைசா கூட விடாம போயிட்டான். இது துரோகம்டா!" என்பான் ஒருத்தன். "ஒப்பந்தம் முடிஞ்சுது, போனான். இதுல துரோகம் எங்கடா வந்துச்சு?" என்பான் இன்னொருத்தன். மூணாவது ஆள் சிரிச்சுக்கிட்டே, "அவன் போன அடுத்த வருஷமே இவங்க சாம்பியன்ஸ் லீக் அடிச்சுட்டாங்களே" என்பான். உண்மைதான். 2025 மே 31 அன்று நடந்த ஃபைனலில் இன்டர் மிலனை 5-0 என்று நொறுக்கி பாரிஸ் கோப்பையைத் தூக்கியது.

நீங்க இதில் எந்தப் பக்கம்? பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்தச் சண்டைக்கு பாரிஸ் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. பீளமேட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரும் நேரு ஸ்டேடியத்திலேயே இந்தக் கதை முழுசா நடந்து முடிஞ்சிருக்கு. அதுக்கு வருவோம். முதலில் விதியைப் பார்த்துடலாம்.

ஒப்பந்தத்தைக் கரைக்கிறதுன்னா என்ன?

ஒரு வீரர் ஒரு கிளப்போடு நாலு வருஷ ஒப்பந்தம் போடுறார்னு வைங்க. அந்த நாலு வருஷத்துக்குள் வேற கிளப் அவரைக் கூப்பிட்டால், ஒப்பந்தத்தில் மிச்சம் இருக்கும் காலத்துக்கு விலை பேசணும். அதுதான் டிரான்ஸ்ஃபர் தொகை. மிச்சம் மூணு வருஷம் இருந்தா விலை எகிறும். ஒரு வருஷம்தான்னா பாதிக்கும் கீழே கூட இறங்கிடும். ஒப்பந்தம் முடிஞ்சே போச்சுன்னா? விலையே கிடையாது.

அதனால் சில வீரர்கள் என்ன பண்றாங்க? கிளப் புது ஒப்பந்தத்தை நீட்டும்போது கையெழுத்துப் போடாம, 'பார்க்கலாம்'னு சொல்லியே காலத்தைக் கரைக்கிறாங்க. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாசமோ அதுக்கும் குறைவாவோ இருக்கும்போது, வீரர் வேறொரு கிளப்போடு அடுத்த சீசனுக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போடலாம். ஐரோப்பாவில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஜூன் 30-ல் முடியும். அதனால்தான் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் 'யார் யார் ஃப்ரீ' என்ற லிஸ்ட் உங்க ஃபீடை நிரப்புது.

புதுக் கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் தொகை மிச்சம். அதில் ஒரு பங்கை, கையெழுத்து போனஸாகவும் பெரிய சம்பளமாகவும் வீரருக்கே கொடுத்துடும். பழைய கிளப்புக்கு மட்டும் கை காலி. கோபம் பிறக்கும் இடம் இதுதான்.

இந்த உரிமை சும்மா வரலை. 1990-ல் பெல்ஜியத்தின் லீஜ் கிளப்பில் ஆடிக்கிட்டிருந்தார் ழான் மார்க் போஸ்மன். அவருடைய ஒப்பந்தம் முடிஞ்சது. பிரான்ஸின் டன்கெர்க் கிளப்புக்குப் போக நினைச்சார். முடியலை. ஏன்னா, ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் பழைய கிளப் விலை கேட்கலாம் என்பதுதான் அப்போதைய வழக்கம். சம்பளமும் குறைஞ்சு, போகவும் முடியாம மாட்டிக்கிட்ட அவர் கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பர் 15-ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பால் எத்தனையோ வீரர்கள் கோடீஸ்வரர் ஆனாங்க. போஸ்மன் ஆகலை. வழக்கு ஓடிய அஞ்சு வருஷத்தில் அவருடைய ஆட்ட வாழ்க்கையே கரைஞ்சுபோச்சு.

பட்டறைக்காரர் சொல்லும் நியாயம்

இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊரு லேத் பட்டறைக் கணக்கு ஒண்ணு போதும். பீளமேடு, கணபதி பக்கம் பட்டறை வெச்சிருக்கிற எந்த ஓனரிடம் வேணும்னாலும் பேசிப் பாருங்க. ஆள் போறதைப் பத்தி ரெண்டு விதமா பேசுவார்.

"தீபாவளி வரைக்கும் இருந்தானுங்க. கணக்கு முடிச்சுட்டுப் போயிட்டான். நல்ல டர்னர், என்ன பண்றது?" இது ஒண்ணு. இதில் வருத்தம் இருக்கும். வசவு இருக்காது.

"அட்வான்ஸ் வாங்கிட்டு, பாதி வேலையில அடுத்த பட்டறைக்கு ஓடிட்டானுங்க." இது இன்னொண்ணு. இதில் வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது!

ஆள் போனது ரெண்டு கதையிலும் ஒண்ணுதான். ஆனா போன விதம் வேற. கணக்கு முடிச்சுட்டுப் போறவனும் அட்வான்ஸோட ஓடுறவனும் ஒண்ணில்லைன்னு பட்டறைக்காரருக்குத் தெரியுது. ஃபுட்பால் ரசிகர்களான நமக்குத்தான் ரெண்டுமே 'துரோகி' என்ற ஒரே பெட்டிக்குள் போயிடுது.

ஆன்ஃபீல்டில் கேட்ட சத்தம்

ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-அர்னால்டை எடுத்துக்கோங்க. லிவர்பூல் ஊர்ப் பையன். ஆறு வயசில் கிளப் அகாடமியில் சேர்ந்தார். 20 வருஷம் அங்கேயே. 354 மேட்ச். சாம்பியன்ஸ் லீக், ரெண்டு லீக் பட்டம். எல்லாம் ஜெயிச்சார். 2025 மே 5-ம் தேதி, ஒப்பந்தம் முடிஞ்சதும் கிளம்பறேன்னு அறிவிச்சார். ஆறே நாளில், மே 11 அன்று அர்செனலுக்கு எதிரா மாற்று வீரரா களமிறங்கினப்போ, சொந்த மைதானத்திலேயே அவருக்கு எதிரா கூச்சல். லீக் பட்டம் ஜெயிச்ச சீசனில், ஜெயிச்ச அணியின் வீரருக்கு!

அதே வருஷம் நவம்பரில் ரியல் மாட்ரிட் வீரரா ஆன்ஃபீல்டுக்குத் திரும்பி வந்தப்பவும் அதே கூச்சல்.

அந்த ரசிகர்களை முட்டாள்னு சொல்லிட முடியுமா? முடியாது. அவங்க கோபத்தில் ஒரு நியாயம் இருக்கு. அதே கிளப்பில் அதே சமயம் ஒப்பந்தம் முடியவிருந்த முகமது சாலாவும், விர்ஜில் வான் டைக்கும் ஏப்ரலில் கையெழுத்துப் போட்டுட்டாங்க. வெளியூரிலிருந்து வந்த ரெண்டு பேரும் இருக்காங்க, நம்ம தெருப் பையன் போறான் என்பது எந்த ஊரிலும் வலிக்கும். அதுவும் அவரை முன்னாடியே வித்திருந்தா கிளப்புக்குப் பெரிய தொகை கிடைச்சிருக்கும்.

ஆனா அவர் செய்யாதது ஒண்ணு இருக்கு. ஒப்பந்தத்தை முறிக்கலை. ஸ்டிரைக் பண்ணலை. சீசன் முடியுற வரைக்கும் ஆடி, பட்டமும் ஜெயிச்சுக் கொடுத்துட்டுத்தான் போனார். பட்டறைப் பாஷையில் சொன்னா, கணக்கு முடிச்சுட்டுப் போனவர். வருத்தப்படலாம். 'துரோகி'ங்கிறது கொஞ்சம் பெரிய வார்த்தை.

இங்கே நீங்க ஒண்ணு கேட்கலாம். "நான் டைடல் பார்க்கில் வேலை பார்க்கிறேன். நோட்டீஸ் பீரியட் முடிச்சுட்டு வேற கம்பெனி போனா யாரும் என்னைத் துரோகின்னு சொல்றதில்லையே. வீரருக்கு மட்டும் ஏன்?" கேள்வி சரிதான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. உங்க பேரு போட்ட டி-ஷர்ட்டை எந்த ஒன்பது வயசுப் பையனும் காசு சேர்த்து வாங்கலை. நீங்க கிளம்பும்போது ஹெச்.ஆர் அழலை. வீரர்கள் விற்கிறது ஆட்டத்தை மட்டும் இல்லை, 'நான் உங்களில் ஒருத்தன்' என்ற உணர்வையும்தான். கோல் அடிச்சுட்டு நெஞ்சில் இருக்கும் லோகோவை முத்தமிடும்போது அதுதான் நடக்குது. அதனால ரசிகரின் வலி போலியில்லை. அந்த வலியை எந்த விலாசத்துக்கு அனுப்புறோம் என்பதில்தான் பிரச்னை.

நேரு ஸ்டேடியத்தில் ஒரு மார்ச் மாதம்

இப்போ நம்ம ஊர் கதை. 2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் சீசனின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி. (பேருதான் சென்னை, அந்த சீசனில் அதுக்கு வீடு கோயம்புத்தூர்) மினர்வா பஞ்சாப்பை எதிர்கொண்டது. ஜெயிச்சா சாம்பியன். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வெற்றிக்காக ஆடிக்கிட்டிருந்தது.

ஆரம்பிச்ச சில நிமிஷங்களிலேயே பஞ்சாப் கோல் அடிச்சுடுச்சு. ஸ்டேடியம் கப்சிப். ரெண்டாவது பாதியில் பெட்ரோ மான்ஸி பெனால்ட்டியில் சமன் செஞ்சார். அதுக்கப்புறம் டிஃபெண்டர் கௌரவ் போரா ரெண்டு கோல். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே ஜெயிச்சது. ஆனா சென்னை சிட்டி 43 பாயின்ட், ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு பாயின்ட்டில் ஐ-லீக் கோப்பை நம்ம ஊரில் தூக்கப்பட்டது! அந்த சீசனில் மான்ஸி அடிச்சது மட்டும் 21 கோல். சிங்கப்பூர்க்காரரான கோச் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த சில வீரர்களையும் தமிழ்நாட்டுப் பசங்களையும் வெச்சே இதைச் செஞ்சு காட்டினார்.

அந்த அணி அப்புறம் என்ன ஆச்சு? இங்கேதான் 'போறது' என்பதில் எத்தனை விதம் இருக்குன்னு தெரியும்.

முதல் விதம், நெஸ்டர் கோர்டில்லோ. நடுக்களத்தில் மாயம் செஞ்ச ஸ்பெயின் வீரர். சென்னை சிட்டியோடு ஒப்பந்தம் இருக்கும்போதே புனே சிட்டியோடு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுட்டார்னு விவகாரம் அகில இந்திய ஃபுட்பால் கூட்டமைப்புக்குப் போனது. ஒப்பந்த மீறல்னு முடிவாகி அவருக்கு நாலு மாசத் தடை. பிறகு ஹைதராபாத் எஃப்.சி-க்குப் போனார். விதியின் கண்ணில் இது பட்டறைக்காரர் சொன்ன ரெண்டாவது வகை.

ரெண்டாவது விதம், பெட்ரோ மான்ஸி. 2020 ஜனவரியில், சீசன் பாதியில், ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா கிளப்புக்குப் போனார். கோவை ரசிகர்களுக்கு நெஞ்சு வலிச்சிருக்கும். ஆனா அது ரெண்டு கிளப்பும் பேசி முடிச்ச டிரான்ஸ்ஃபர். கிளப்புக்குத் தெரிஞ்சு, கிளப் சம்மதிச்சுப் போனது.

மூணாவது விதம்தான் முக்கியமானது. எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2019-ல் சென்னையின் எஃப்.சி-க்குப் போனார். அடுத்த வருஷம் அஜித்குமார் பெங்களூருவுக்கு, ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கு. நம்ம பசங்க எல்லாரும் ஏன் கிளம்பினாங்க?

ஏன்னா, ஜெயிச்ச அந்தக் கோப்பைக்கு மேலே ஏற ஏணியே இல்லை. இங்கிலாந்தில் ரெண்டாம் டிவிஷனில் ஜெயிச்சா முதல் டிவிஷனுக்குப் போகலாம். 2019-ல் ஐ-லீக் சாம்பியன் ஆனா ஐ.எஸ்.எல்-லுக்குப் போக வழியில்லை. அதே 2019-ல் ஐ.எஸ்.எல்-தான் நாட்டின் முதன்மை லீக் என்றும் ஆகிடுச்சு. ஐ-லீக் ஜெயிச்சு ஐ.எஸ்.எல்-லுக்கு ஏறும் வழி திறந்ததே 2022-23 சீசனில்தான். கிளப்பால மேலே போக முடியாது. வீரரால மட்டும்தான் போக முடியும். அப்போ ஒரு 23 வயசுப் பையனிடம் 'விசுவாசமா இரு'ன்னு சொல்றதுக்கு, 'கீழேயே இரு'ன்னுதான் அர்த்தம்.

அந்த விசுவாசத்தை அவங்க காட்டியிருந்தா என்ன கிடைச்சிருக்கும்? 2020-21 சீசன் முழுக்க கொரோனா காரணமா மேற்கு வங்கத்திலேயே நடந்தது. ஐ-லீகில் சென்னை சிட்டிக்கு அதுதான் கடைசி சீசன். சாம்பியன் பட்டம் ஜெயிச்ச ரெண்டே வருஷத்தில், அடுத்த சீசன் பட்டியலில் அந்தப் பேரே இல்லை.

யோசிச்சுப் பாருங்க. கோவை ரசிகர்கள் இழந்தது ஒரு மான்ஸியையோ எட்வினையோ மட்டும் இல்லை. அணியையே! ஓடிப்போனது வீரரா, கிளப்பா?

கோல் அடிச்சவர் யார் பக்கம்?

சமீபத்திய கதை ஒண்ணு. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். ஒடிஷா எஃப்.சி-யில் பல சீசன் ஆடினார். 2023 ஏப்ரலில் ஒடிஷா சூப்பர் கப் ஜெயிச்ச அணியில் அவரும் ஒருத்தர். அந்த சீசனோடு ஒப்பந்தம் முடிஞ்சது. ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார்.

2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பை. கொல்கத்தா டெர்பி. மோகன் பகானுக்கு எதிரா நந்தகுமார் அடிச்ச ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சது. வருஷக்கணக்கா டெர்பியில் தோத்துக்கிட்டே இருந்த ரசிகர்களுக்கு அந்த ஒரு கோல் எவ்வளவு பெருசுன்னு கொல்கத்தாவில் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அடுத்து 2024 ஜனவரி 28, சூப்பர் கப் ஃபைனல், புவனேஸ்வர். எதிரே யாரு? ஒடிஷா எஃப்.சி! பழைய சொந்த மைதானத்தில், பழைய கிளப்புக்கு எதிரா, சமன் செய்யும் கோலை அடிச்சதும் நந்தகுமார்தான். 3-2 என்று ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கியது.

ஒடிஷா ரசிகருக்கு அவர் 'விட்டுட்டுப் போனவர்'. ஈஸ்ட் பெங்கால் ரசிகருக்கு 'நம்ம நந்தா'. ஆள் ஒண்ணு, கால் ஒண்ணு. வருஷம் மட்டும்தான் வேற. நம்ம கிளப்பை விட்டு ஃப்ரீயா போனா துரோகி, நம்ம கிளப்புக்கு ஃப்ரீயா வந்தா 'செம டீல்'! இந்த ரெட்டை நாக்கை நாம ஒத்துக்கிட்டே ஆகணும்.

இந்திய ஃபுட்பாலில் விசுவாசத்துக்கு அடையாளம்னா யாரைச் சொல்வோம்? சுனில் சேத்ரி. 2013-லிருந்து பெங்களூருவின் முகம். அதுக்கு முன்னாடி? மோகன் பகானிலும் ஆடினார், அதன் பரம வைரியான ஈஸ்ட் பெங்காலிலும் ஆடினார். யாருமே பிறக்கும்போதே ஒரு கிளப்புக்கு விசுவாசியா பிறக்கிறதில்லை. தங்கறதுக்கு ஒரு இடம் கிடைக்கும்போதுதான் விசுவாசம் வளருது.

மொய் நோட்டில் அடுத்த பக்கம்

நம்ம ஊர் கல்யாணத்தில் மொய் நோட்டு வெப்பாங்க இல்லையா? யார் எவ்வளவு வெச்சாங்கன்னு எழுதுவாங்க. நாளைக்குத் திருப்பிச் செய்யணும். ரசிகர்களும் மனசுக்குள் ஒரு மொய் நோட்டு வெச்சிருக்கோம். 'கிளப் இவனுக்கு இவ்வளவு செஞ்சது, இவன் திருப்பி என்ன செஞ்சான்?' ஆனா கிளப் பேருக்கு ஒரு பக்கம் திறந்து, 'வீரர் இவ்வளவு செஞ்சார், கிளப் திருப்பி என்ன செஞ்சது?'ன்னு எழுதறோமா?

2025 ஆகஸ்டை ஞாபகப்படுத்திக்கோங்க. ஐ.எஸ்.எல்-லை நடத்துவதற்கான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாம இழுத்துக்கிட்டே போனது. சீசன் நடக்குமா என்றே தெரியலை. பெங்களூரு எஃப்.சி., முதல் அணி வீரர்கள், ஊழியர்களுக்கான சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவெச்சது. ஆமா, சேத்ரி 12 வருஷம் கொடுத்த அதே பெங்களூரு. சென்னையின் எஃப்.சி-யும் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமா நிறுத்தியது. கிளப்களும் பாவம்தான், அவங்க கையிலும் லீக் இல்லை. ஆனா அந்த மாசம் கையில் ஒப்பந்தம் வெச்சிருந்த வீரர் எத்தனை பேரு, மாசக் கடைசியில் வீட்டு வாடகையை யோசிச்சிருப்பாங்க? நெருக்கடி வந்தா கிளப் ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கலாம். வாய்ப்பு வந்தா வீரர் ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் போகக் கூடாதா?

கேரளத்திலிருந்து வந்து பீளமேட்டு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிளாஸ்டர்ஸ் ரசிகரைக் கேளுங்க. சஹல் அப்துல் சமத் பேரைச் சொன்னாலே ஒரு பெருமூச்சு வரும். மஞ்சள் ஜெர்ஸியின் செல்லப் பிள்ளை. 2023-ல் கிளப்பே அவரை மோகன் பகானுக்குக் கொடுத்து, பிரீத்தம் கோட்டாலை எடுத்துக்கிட்டது.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2023 ஐ.பி.எல் ஃபைனலில் கடைசி ரெண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடிச்சு சி.எஸ்.கே-வுக்குக் கோப்பை கொடுத்தவர் ரவீந்திர ஜடேஜா. 2025 நவம்பரில் டிரேடில் ராஜஸ்தானுக்குப் போனார், இங்கே சஞ்சு சாம்சன் வந்தார். நாம வருத்தப்பட்டோம். ஸ்டேட்டஸ் வெச்சோம். அப்புறம் சஞ்சுவை வெச்சு பிளேயிங் லெவன் போட ஆரம்பிச்சுட்டோம். கிளப் பிரிவை முடிவு செஞ்சா அது 'அணியின் நலன்'. வீரர் முடிவு செஞ்சா மட்டும் அது 'துரோகம்'. நோட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதினா கணக்கு எப்படி டேலி ஆகும்?

நிஜமாவே அடிபடுறது யார்?

இதுக்காக ஃப்ரீ டிரான்ஸ்ஃபரால் யாருக்குமே நஷ்டம் இல்லைன்னு சொல்ல வரலை. நஷ்டம் இருக்கு. ஆனா அது பாரிஸுக்கோ லிவர்பூலுக்கோ இல்லை. அவங்க அடுத்த வருஷமே வேற ஆளை வாங்கிடுவாங்க.

ஃபிஃபாவில் ஒரு நல்ல விதி இருக்கு. ஒரு வீரர் நாடு விட்டு நாடு டிரான்ஸ்ஃபர் ஆகும்போது, அந்தத் தொகையில் 5 சதவிகிதம், 12 வயசிலிருந்து 23 வயசு வரைக்கும் அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரிச்சுப் போகணும். அதிகாலையில் கோன் வெச்சு பசங்களை ஓட விடுற சின்ன கிளப்புக்குக்கூட அதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பணத்தில்தான் அடுத்த பையனுக்கு ஷூ, பந்து, பஸ் செலவு எல்லாம்.

வீரர் ஃப்ரீயா போனா? பூஜ்யத்தில் 5 சதவிகிதமும் பூஜ்யம்தான். சின்ன வயசு வீரர்களுக்குப் பயிற்சி இழப்பீடுன்னு தனியா ஒரு விதி இருக்கு. ஆனா அது 23 வயசு ஆகிற வருஷத்தோட நின்னுடும். 26 வயசில் ஒரு நட்சத்திரம் ஒப்பந்தத்தைக் கரைச்சுட்டுப் போகும்போது கையெழுத்து போனஸ் அவருக்கு, சம்பள மிச்சம் புதுக் கிளப்புக்கு. அவருக்கு முதன்முதலா பந்தை நிறுத்தக் கத்துக்கொடுத்த அந்த மைதானத்துக்கு ஒண்ணும் இல்லை. எனக்குத் தெரிஞ்சு, ஃப்ரீ டிரான்ஸ்ஃபர் மேல் வைக்கக்கூடிய நேர்மையான குற்றச்சாட்டு இதுதான். ஆச்சரியம் என்னன்னா, 'துரோகி' ஹேஷ்டேக்குகளில் இதைப் பத்தி ஒரு வரியும் இருக்காது.

அப்போ நாம என்னதான் கேட்கலாம்?

நிறைய கேட்கலாம். உரிமையோடவே கேட்கலாம்.

வீரரிடம் மூணு விஷயம். ஒண்ணு, கடைசி நாள் வரைக்கும் முழு உழைப்பு. மனசு வேற ஊரில் இருந்தாலும் கால் இங்கே ஓடணும். ரெண்டு, வெளிப்படைத்தன்மை. முன்கூட்டிப் பேச வர்ற புதுக் கிளப், பழைய கிளப்புக்கு எழுத்துபூர்வமா சொல்லிட்டுத்தான் வீரரிடம் பேசணும்னு ஃபிஃபா விதியே சொல்லுது. திருட்டுத்தனமா கையெழுத்துப் போட்டா அதுதான் அட்வான்ஸோட ஓடுற கதை. மூணு, பொய் சத்தியம் வேண்டாம். போறதா முடிவு பண்ணிட்டா லோகோவுக்கு முத்தம் கொடுக்காதீங்க. அதைப் பார்த்து ஜெர்ஸி வாங்குற பையன் ஒருத்தன் இருக்கான்.

கிளப்பிடமும் மூணு விஷயம். சம்பளம் நேரத்துக்கு வரணும். ரெண்டு மாசச் சம்பளம் பாக்கின்னா, 15 நாள் நோட்டீஸ் கொடுத்துட்டு வீரரே ஒப்பந்தத்தை முடிச்சுக்கலாம்னு ஃபிஃபா விதி இருக்கு. கிளப் பக்கத் துரோகத்துக்கு விதிப் புத்தகத்தில் இருக்கும் பேரு அதுதான்! அடுத்தது, வேணும்னு நினைக்கிற வீரரோடு கடைசி வருஷம் வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே உட்கார்ந்து பேசணும். ஒரு நட்சத்திரத்தின் ஒப்பந்தம் கரைஞ்சுபோச்சுன்னா, பல நேரம் தூங்கினது கிளப் ஆபீஸ்தான். கடைசியா, ரசிகர்கள் கூடவே இருக்கணும்னா கிளப்பும் அந்த ஊரில் இருக்கணும். கோயம்புத்தூருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லீக்கை நடத்துறவங்களிடம் ஒரே ஒரு விஷயம். ஏணியை எடுக்காதீங்க. ஜெயிச்சா மேலே போகலாம்னு ஒரு கிளப்புக்குத் தெரிஞ்சா, வீரரும் கூடவே ஏறுவார். ஏணி இல்லாத இடத்தில் விசுவாசத்தை எதிர்பார்க்கிறது நியாயமில்லைங்க.

நமக்கு நாமே கேட்டுக்க வேண்டியதும் ஒண்ணு இருக்கு. சட்டப்படி வீரருக்கு ஒப்பந்தம் இருக்கு, கிளப்புக்கு ஒப்பந்தம் இருக்கு, ஸ்பான்சருக்கு ஒப்பந்தம் இருக்கு. ரசிகருக்கு மட்டும் எந்தக் காகிதமும் இல்லை. முடிவு தேதியே இல்லாம இருக்கிறது நாம மட்டும்தான். அது நம்ம பெருமை. ஆனா நமக்குத் தேதி இல்லைங்கிறதுக்காக, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டவன் அந்தத் தேதியில் கிளம்பும்போது திட்டறது சரியா?

அடுத்த முறை ராத்திரி 12.30 மேட்சுக்கு ரூமில் எல்லாரும் கூடும்போது, யாராவது 'துரோகி'ன்னு ஆரம்பிச்சா ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. "கணக்கு முடிச்சுட்டுப் போனானா, அட்வான்ஸோட ஓடினானா?"

முடிச்சுட்டுப் போனவர்னா, கைதட்டி அனுப்பிவைக்கலாம். மனசில்லைன்னா சும்மாவாவது இருக்கலாம். கூச்சல் போட இன்னும் தெம்பு மிச்சம் இருந்தா, அதைக் கேட்க வேண்டியது வேற ஆளுங்க. நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச்சில் கோப்பை தூக்கிய அணி இப்போ எங்கேன்னு அவங்களிடம் கேட்கலாம்.